தண்ணீர் இறங்கும் சத்தம்

1

நேற்று அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். பிறந்த நாளா என்று கேட்காதீர்கள். இந்த வயதில் அதையெல்லாம் நான் வெளியே விடுவதில்லை. ஒரு பீப்பாய் காலியாக இருந்தது. அதற்காகத்தான் கேக்.

வெளிநாட்டில் நான் என்ன குப்பை கொட்டுகிறேன் என்று எங்கள் ஊர் எருமப்பட்டிப் பக்கம் சிலர் கேட்பதாகக் கேள்வி. அவர்களுக்கு என் பதில்: நான் கொட்டுவதில்லை, கொட்டியதை மூடுகிறேன். கனடாவில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய குழி வெட்டி, அது நிரம்பி மேடாகும் வரை குப்பையைக் கொட்டுகிறார்கள். நம்மூரில் குப்பைமேடு விளைகாட்டுக்கு எருவாகப் போய்விடும். இங்கே குப்பைக்குச் சமாதி கட்டுகிறார்கள். மழையும் உருகிய பனியும் சமாதிக்குள் இறங்கினால், குப்பையின் சாறு அடியில் கசிந்து அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போய்விடும். எனவே மேலே களிமண்ணால் மூடி போட வேண்டும். அந்த மூடி தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்று சோதித்துச் சொல்வது என் உத்தியோகம்.

சோதிக்கும் முறை ஒன்றும் பிரமாதமில்லை. குப்பை இல்லாத ஒரு காலி இடத்தில் அதே மூடியைச் சின்னதாகக் கட்டுவோம். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் சரளை, அதன்மேல் களிமண், எல்லாவற்றுக்கும் மேலே புல் முளைக்க ஒரு சாண் மண். களிமண்ணைத் தாண்டி இறங்கும் தண்ணீர் விரிப்பில் தேங்கி, ஒரு குழாய் வழியாகப் பக்கத்து நிலவறையில் இருக்கும் பீப்பாயில் விழும். பீப்பாய் நிறைந்தால் நான் தோற்றேன். காய்ந்து கிடந்தால் கேக்.

கேக் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பாதிக்குமேல் இறங்கவில்லை.

2

தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்று சம்பளம் வாங்கும் முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான். எனக்கு முந்திய அத்தனை பேரும் இறங்காதா இறங்காதா என்று வானத்தையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துச் செத்தவர்கள்.

அப்பா எங்கள் காட்டுக் கிணற்றை நம்பி வாழ்ந்தவர். கோடையில் தண்ணீர் வற்றிப் பாறை தெரியும்போது, இராத்திரி முழுக்க ஊற்று கசிந்து கொஞ்சம் சேரும். வெடியால, இருள் பிரியும் முன்பே, எழுந்ததும் அவர் பல்கூடத் துலக்காமல் போய்க் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்துக் காதைக் கொடுப்பார். ஊற்று விழும் சத்தத்தை வைத்து, அன்றைக்கு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும், எந்தப் பாத்திக்குத் தண்ணீர் எட்டும் என்று முடிவு செய்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் போய்ப் பேசினால் அடி விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த வறட்சியில் அந்தச் சத்தமும் நின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூட்டி வந்து போர்வெல் போட்டார். ஊரே சுற்றி நின்று பார்த்ததாம். கடைசி வரை புழுதிதான் வந்தது. வண்டிக்காரர், "மாவரைக்கற மில்லு போட்டாப்ல இருக்குதுங்க கவுண்டரே" என்று சொல்லிவிட்டுக் குழாயைக் கழற்றினாராம். அடுத்த வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். புதுச்சத்திரத்தில் கட்டிக் கொடுத்த தங்கை தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மகளைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்ன மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். வறண்ட கிணறும் இரண்டு எருமைகளுமாகத் தனியே இருந்தார்.

அப்பாவை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆனது. எழுபதுகளின் நடுவில் படிக்கிறேன் என்று கிளம்பியவன் நான். திரும்பி வருவேன் என்றும் சொன்னேன், வரவில்லை. நான் போக முடியாவிட்டால் அவர் வரட்டுமே என்பது என் கணக்கு. என் கணக்குகளை நம்பி அரசாங்கமே குப்பையை மூடுகிறது. அப்பா நம்பக் கூடாதா?

3

"ஒரு குளிரு பாக்கறேன். தாங்குச்சுன்னா இருக்கறேன். தாங்கலீன்னா எறக்கி உட்ரோணும்" என்ற ஒப்பந்தத்தின் பேரில் அப்பா வந்து இறங்கினார். அது ஆகஸ்ட் மாதம்.

என் மனைவி சரோஜா கடைக்குப் போய் அவருக்கு உள்சட்டை, முழுக்கைச் சட்டை, கம்பளிச்சட்டை, மேல்கோட்டு, அதற்கும் மேலே ஒரு கோட்டு என்று வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்த அப்பா கையைத் தொங்கவிட முடியாமல் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றார்.

"உன்ற குப்பைக்கு எத்தன அடுக்கு சாமி?"

"நாலுங்கப்பா."

"எனக்கு அஞ்சு. நா குப்பையவிட எச்சாக் கெட்டுப்போவன்னு கண்டுக்கிட்டீங்களாட்ட இருக்குது."

"அதெல்லாம் இல்லீங்க மாமா. சளி புடிச்சுக்கும், அதான்" என்றாள் சரோஜா.

என் மகள் கவிதாவையும் அவர் சாமி என்றுதான் கூப்பிட்டார். பதிமூன்று வயதில் தன்னை யாரோ கடவுள் என்று அழைப்பது அவளுக்கு முதலில் குழப்பமாக இருந்தது. "அவர் எல்லாரையும் அப்படித்தான் சொல்கிறாரா, என்னை மட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் சாமிதான் என்றேன். கொஞ்சம் ஏமாந்தது போல முகத்தை வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, புரியவும் செய்யாது. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து டெலிவிஷனில் பனிச்சறுக்கு ஹாக்கி பார்த்தார்கள். அடிதடி வரும்போது இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். மொழி இல்லாமலே ஒரு குடும்பம் உருவாகிவிடும் போலிருந்தது.

நவம்பரில் குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணல். நான்தான் மொழிபெயர்ப்பாளன். அதிகாரி நல்ல மனிதர். குரலில் சர்க்கரை போட்டுப் பேசினார்.

"இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ விரும்புகிறீர்களா என்று கேளுங்கள்."

கேட்டேன். அப்பா அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ற பையன் ஊட்ல நா இருக்கறதுக்கு இவனெதுக்குடா உத்தரவு குடுக்கறான்?"

"ஆமாம் என்கிறார்" என்றேன் அதிகாரியிடம்.

எழுதிக்கொண்டார். மருத்துவச் சோதனைகள் எல்லாம் முடிந்து மே மாதம் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அப்பா இந்த ஊர்க்காரர். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "சும்மா உக்கோந்திருக்கறதுக்கா இத்தன பேப்பரு?"

4

அப்பா வந்த அதே இலையுதிர் காலத்தில்தான் எங்கள் புதிய சோதனை மூடியையும் கட்டி முடித்தோம். உருளை ஓட்டி ஓட்டிக் களிமண்ணை இறுக்கினோம். ஆணி அடித்தாலும் இறங்காத மாதிரி ஆனது. என்னோடு வேலை செய்யும் டெக்னீஷியன் ரான் அதன்மேல் குதித்துப் பார்த்து, "கார் நிறுத்தலாம்" என்றான்.

கட்டும்போது மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டார். குளிரில் களிமண் உறைந்து வெடித்தால் என்ன செய்வது? எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. எங்கள் ஊர் ஏரிக்குள் கோடையில் நடந்திருக்கிறேன். வெடிப்புக்குள் என் கால் முழங்கால் வரை போகும், ஆட்டுக்குட்டி விழுந்தால் தேடி எடுக்க வேண்டும். முதல் மழை பெய்ததும் அத்தனை வெடிப்பும் வாயை மூடிக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் தகடு மாதிரி இருக்கும். களிமண் என்றால் அதுதானே? ஈரம் பட்டால் தானாகக் கூடிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கையில் அதற்கு ஆங்கிலத்தில் இன்னும் கனமான வார்த்தைகள் இருந்தன. சாரம் என்னவோ எங்கள் ஏரிதான்.

வீட்டில் அப்பாவிடமும் கேட்டு வைத்தேன்.

"கூடாம எங்க போவும்? மண்ணுன்னா வெடிக்கும், மழ வந்தாக் கூடிக்கும். அதுக்குப் படிக்கோணுமாக்கும்?" என்றார். ஆக, விஷயம் இரண்டு தலைமுறைகளால் உறுதி செய்யப்பட்டது.

மூடியைப் பார்க்க அவரை ஒரு நாள் கூட்டிப் போனேன். நம் காட்டில் எந்த வேலையை ஆரம்பித்தாலும் ஒரு பிடி சாணியைப் பிடித்து அருகம்புல் சொருகி வைப்பது வழக்கம் அல்லவா? சாணிக்கு எங்கே போவது? மிச்சமிருந்த களிமண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பிள்ளையார் பிடித்தார். அருகம்புல்லுக்குப் பதிலாக இந்த ஊர்ப் புல். மூடியின் கன்னி மூலையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். மறுநாள் ரான் அதைச் சுற்றி நாலு குச்சி நட்டு ஆரஞ்சு நாடா கட்டியிருந்தான். ஏதோ முக்கியமான அளவுக் கல் என்று நினைத்துவிட்டான். நான் திருத்தவில்லை. அரசாங்கச் செலவில் பிள்ளையாருக்கு மதில் கிடைத்தால் எனக்கென்ன?

குளிர் வருவதற்குள் மேலே தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். பீப்பாயில் ஒரு சொட்டு இல்லை. அப்பாவும் அந்த மாதங்களில் நன்றாகவே இருந்தார். இரண்டு சோதனையும் ஜெயித்துவிட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

5

பிறகு பனி விழுந்தது.

முதல் நாள் ஜன்னலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனையும் தண்ணிதானே சாமி?"

"ஆமாங்கப்பா."

"கீழ எறங்குமா?"

"இப்ப எறங்காதுங்க. மண்ணு கல்லாட்டம் ஒறஞ்சு கெடக்குது. சித்திரையில உருகி ஓடீரும்."

"எங்க ஓடும்? ஏரிக்கா?"

"சாக்கடைக்குங்க."



அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எதுவும் நடக்கவில்லை என்பதுதான் அதன் விசேஷம். நான் வேலைக்குப் போனேன். சரோஜா ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலைக்குப் போனாள். கவிதாவுக்குப் புதுத் தோழிகள் சேர்ந்தார்கள். ஹாக்கியை அவர்கள் வீட்டில் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். அப்பா தனியாகப் பார்த்தார். அடிதடி வந்தபோதும் கத்தவில்லை. வீட்டைச் சூடாக்கும் யந்திரம் கீழ்த்தளத்தில் ஓடி ஓடி நிற்கும். ஒரு நாள் நான் வந்தபோது அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கப்பா இங்க?"

"மோட்டரு ஓடறாப்ல ஒரு சத்தம். கேட்டுட்டு இருக்கறேன்."

அவர் பாதம் இரண்டும் பாளம் பாளமாக வெடித்தன. சரோஜா தினமும் களிம்பு தடவினாள். "உடும்மா, மழ வந்தாத் தானாக் கூடிக்கும்" என்பார். வெளியே மைனஸ் முப்பது டிகிரியில் காற்று வீசிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் சரோஜா என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஏனுங்க, மாமா முன்னெல்லாம் கொழம்புல உப்புப் பத்தலீன்னாச் சத்தம் போடுவாங்க. இப்ப எதப் போட்டாலும் சாப்புடறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"பழகிட்டாருன்னு அர்த்தம்" என்றேன். கூடிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தவன்தானே நான்.

6

ஏப்ரல் கடைசியில் உருக ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை நான் கிளம்பும்போது அப்பாவும் கோட்டைக் கையில் எடுத்தார். "பிள்ளையாரப் பாத்துட்டு வந்தர்லாம்." பல மாதங்களில் அவராகக் கேட்ட முதல் விஷயம் அது.

பனி உருகிப்போய் மூடியின் மேல் வைக்கோல் நிறத்தில் பழைய புல் தெரிந்தது. ரான் முன்னமே வந்திருந்தான். ஆரஞ்சு நாடாவுக்குள் பிள்ளையார் வைத்த இடத்தில் வைத்தபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரன்" என்று சொல்லிக்கொண்டே எடுக்கப் போனார்.

கைபட்டதும் பிள்ளையார் உதிர்ந்தார். உடைந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. புட்டு மாவு மாதிரி, பொலபொலவென்று அப்பாவின் விரலிடுக்கில் விழுந்தார்.

நான் குனிந்து அந்த மணிகளை அள்ளிப் பார்த்தேன். நன்றாக ஈரம் இருந்தது. இருந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஏரி மண் காய்ந்து வெடிக்கும், ஈரம் வந்தால் ஊறிக் கூடும். இங்கே ஈரமே பனிக்கட்டியாகி மண்ணுக்குள் இழை இழையாகப் படர்ந்து உள்ளேயே அறுத்துவிடுகிறது. உருகினால் பனி போய்விடும், அறுத்த இடம் அப்படியே நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் காலுக்குக் கீழே இருந்த மூடி முழுவதும் அதே மண்தான்.

ரான் நிலவறைக் கதவைத் திறந்தான். ஏணியில் நான் இறங்க, கிணற்றுப் படியில் இறங்கிப் பழகிய அப்பாவும் பின்னாலேயே இறங்கினார்.

"அப்பா, பாத்துங்க, அந்தக் கம்பிய…"

"சத்தம் போடாத."

பழைய குரல். நான் சிறுவனாகி வாயை மூடிக்கொண்டேன். அப்பா தலையைச் சாய்த்து நின்றார். குழாயிலிருந்து பீப்பாய்க்குள் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு அல்ல, விடாமல். பீப்பாய் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"ஊத்து!" என்றார். "எறங்குதுடா சாமி! கேளு, எறங்குது!"

சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. ரான் என் முகத்தைப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தான். "இது கெட்ட செய்தி என்று அவருக்குச் சொன்னாயா?"

"அப்பா, இது எறங்கக் கூடாத தண்ணிங்க."

"தண்ணி எறங்கக் கூடாதுன்னு எவன்டா சொன்னான்?"

"நாந்தானுங்க."

என்னை ஒரு விநாடி பார்த்தார். பிறகு குழாயடியில் கையை ஏந்திப் பிடித்துக் குடித்துவிட்டார். ரான் அலறினான். அடியில் குப்பை இல்லை, வெறும் மண் தண்ணீர்தான் என்று அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றானது. அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு கொஞ்சம் எச்சு. மாட்டுக்கு ஆவும்."

காரில் திரும்பும்போது சாலையின் இரண்டு ஓரமும் உருகிய தண்ணீர் ஓடிச் சாக்கடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுத் தெரு திரும்பும்போது அப்பா சொன்னார்:

"டிக்கெட்டு எடுத்துரு சாமி."

"மே மாசம் கையெழுத்துப் போட்டாப் போதுங்கப்பா. குளிரத்தான் தாங்கீட்டீங்களே?"

"தாங்கீட்டன். பிள்ளையாருந்தான் தாங்குனாரு, தொடற வரைக்கும்."

நான் வண்டியை நிறுத்தினேன். அவர் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு அந்தாபீசுல நா ஒண்ணு சொன்னன், நீ சுருக்கா ஒண்ணு சொன்ன. எனக்குத் தெரியும் சாமி. போனாப் போவுதுன்னு உட்டுட்டன்."

7

மே மாதம் போட வேண்டிய கையெழுத்தைப் போடாமல் அப்பா விமானம் ஏறினார். ஒரே ஒரு கோட்டைக் கொண்டு போனார். எருமைகளுக்குக் காட்டவாம். விமான நிலையத்தில் கவிதா அழுதாள். "சாமி, அழுவாத" என்றார் அவர். "போய்ட்டு வாங்க தாத்தா" என்று அவள் தமிழில் சொன்னாள். பன்னிரண்டு எழுத்துகூட இருக்காது, அதைச் சொல்ல அவளுக்குக் குளிர்காலம் முழுதும் தேவைப்பட்டிருக்கிறது.

கிணற்றில் தண்ணீர் வரவில்லை. அந்த வருஷத்து ஐப்பசி மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனது. மார்கழியில் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, மோகனூரில் காவிரியில் அஸ்தியைக் கரைப்பது மட்டும் எனக்காகக் காத்திருந்தது.

"கடசி வரைக்கும் வெடியால கெணத்து மேட்டுக்குப் போறத உடலீண்ணா" என்றாள் தங்கை. "கெணத்துல ஒண்ணுமில்லீன்னு ஊருக்கே தெரியும். ஏனுங்கப்பா, எதக் கேக்கறீங்கன்னா, 'அங்க எறங்குச்சு, இங்க எறங்காமயா போயிரும்'பாங்க. அங்க அப்பிடி என்னண்ணா எறங்குச்சு?"

நானும் மறுநாள் விடியலில் போய்க் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்துக் காதைக் கொடுத்தேன். இடுக்கில் புறா ஒன்று சிறகடித்தது. வேறு ஒன்றுமில்லை.

திரும்பி வந்து, அடுத்த கோடையில் பழைய மூடியைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகக் கட்டினோம். இந்த முறை களிமண்ணைக் குளிர் எட்டாத ஆழத்தில் வைத்து, மேலே ஆள் உயரத்துக்கு வெறும் மண்ணைப் போட்டு மூடினோம். ஏரியைப் பற்றி நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. மூலையில் யாரும் பிள்ளையார் பிடித்து வைக்கவில்லை. ஆரஞ்சு நாடா மிச்சம் இருக்கிறது என்று ரான் சொல்லிப் பார்த்தான். இந்தக் குளிர்காலம் முடிந்து பனி உருகி ஓடியது. பீப்பாயில் ஒரு சொட்டு இல்லை.

அதற்குத்தான் நேற்றைய கேக். எங்கள் கிணற்றில் சத்தம் கேட்காவிட்டால் அதற்கு வறட்சி என்று பெயர். இங்கே கேட்காவிட்டால் கை குலுக்குகிறார்கள். சம்பளம் ஏறும் என்றும் மேலதிகாரி சூசகமாகச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு, தட்டில் பாதிக் கேக்கோடு ரானைக் கூட்டிக்கொண்டு சோதனை இடத்துக்குப் போனேன்.

ஏணியில் இறங்கிக் குழாயில் காதை வைத்தேன். இரும்பு சில்லென்றிருந்தது.

"ஏதாவது கேட்கிறதா?" என்று மேலேயிருந்து ரான் குரல் கொடுத்தான்.

"ஒன்றும் இல்லை."

"பிரமாதம்!" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "அப்படியானால் பூட்டிவிடலாமா?"

சத்தம் போடாதே என்று கையைக் காட்டிவிட்டு, காதை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.